விற்க வழியில்லாத காலத்தில் வாசலைத் திறந்தவர்கள்: நிலாவெளித் தம்பிக்கு ஒரு பதில்

நிலாவெளியில் தாயாருடன் சேர்ந்து ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். பொருளாதாரம் நொடிந்து, சனங்கள் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிக்கும் காலத்தில் வெளிநாடுகளின் வைன் தோட்டங்கள் எப்படிச் சுற்றுலாவை வளர்த்தன என்பது முதலாவது. திராட்சைக்குப் பேர்போகாத திருகோணமலையில் இருக்கும் அவருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பதில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

முதல் கேள்விக்கான பதிலை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வைன் தோட்டக்காரர்களில் பலர் சுற்றுலாவுக்குள் இறங்கியது கையில் பணம் புரண்ட காலத்தில் அன்று, வழமையான விற்பனை வழி அடைபட்ட காலத்திலேயே. போத்தலைக் குடிப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதபோது, குடிப்பவரைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார்கள். அப்படிச் செய்தவர்களுள் நின்று பிடித்தவர்கள், தூரத்துப் பணக்கார விருந்தாளியை எதிர்பார்த்துக் காத்திராமல் பக்கத்து நகரத்துக் குடும்பத்தை முதலில் வரவழைத்தவர்கள். அந்தக் குடும்பம் கடையில் வாங்க முடியாத ஏதோ ஒன்றை வாசலில் வைத்திருந்தவர்கள்.

இதை நான் வெறும் படிப்பறிவாகச் சொல்லவில்லை. ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள ஃபால்ஸ் பகுதியில், முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியும், பிறகு ஒரு குடும்பத்தின் வைன் தோட்டத்தில் கொடி கத்தரித்தும், பழம் பறித்தும், விருந்தாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறியும் பதினான்கு ஆண்டுகள் கழித்தவன் நான். ஊர் திரும்பி உப்புவெளியில் குடியேறிய பிறகும், அந்த மனிதர்கள் ஒரு மோசமான வருடத்தை எப்படித் தாண்டினார்கள் என்பது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அந்த ஃபால்ஸ் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். பிரான்ஸ் எல்லையிலுள்ள ஷ்வைகன் கிராமத்திலிருந்து வடக்கே பொக்கன்ஹைம் வரை ஏறக்குறைய 85 கிலோமீற்றர் நீளத்துக்கு 'ஜேர்மன் வைன் வீதி' என்ற பாதை செல்கிறது. அது திறக்கப்பட்டது 1935இல். அதற்கு முந்திய வருடம் திராட்சை அளவுக்கு மீறி விளைந்திருந்தது. புதிய அறுவடையை ஊற்றி வைக்கப் பீப்பாய் இல்லை, வாங்க ஆளில்லை, விலை நிலத்தில் விழுந்தது. இதற்குள் இன்னொரு கொடுமையும் இருந்தது. வைனை வாங்கி நாடு முழுவதும் விற்றுவந்த வணிகர்களில் பலர் யூதர்கள். நாஸி ஆட்சி அவர்களைத் தொழிலிலிருந்து துரத்தியது. அவர்களோடு சேர்ந்து விற்பனை வலையும் அறுந்தது. தான் உண்டாக்கிய ஓட்டையை அடைக்க அதே ஆட்சிதான் கிராமங்களை ஒரு பாதையால் கோத்து, நகரத்தவர் காரில் வந்து தோட்டத்திலேயே குடித்து வாங்கிச் செல்லட்டும் என்று அறிவித்தது. பாதையின் வரலாற்றைப் பேசும்போது இந்த அநியாயத்தை மறைத்துப் பேசுவது சரியில்லை என்பதால் சொல்கிறேன். ஆட்சி ஒழிந்தது, பாதை நிலைத்தது. இன்றும் ஓகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீதி முழுவதையும் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். சைக்கிளிலும் கால்நடையாகவும் குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். வீதியோரத்து ஒவ்வொரு தோட்டக்காரரும் மேசை போட்டிருப்பார். வாகனங்களை ஒரு நாள் மறித்துவிடுவதால் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வாசலுக்கு ஒரே நாளில் ஆள் வருகிறது.

அங்குள்ள இன்னொரு வழக்கத்தை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். அதன் பெயர் ஸ்ட்ரவுஸ்விர்ட்ஷாஃப்ட். தன் தோட்டத்து வைனைத் தன் வீட்டிலேயே பரிமாற விரும்பும் விவசாயி, உணவக உரிமம் எடுக்காமலேயே வருடத்தில் நான்கு மாதங்கள் வரை அதைச் செய்யலாம். ஆனால் இருக்கைகள் 40ஐத் தாண்டக் கூடாது, வைன் அவருடைய சொந்த வைனாக இருக்க வேண்டும், உணவு எளிமையானதாக இருக்க வேண்டும். திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு இலைக்கொத்தையோ விளக்குமாற்றையோ தொங்கவிடுவார்கள். மாட்டுத் தொழுவமாக இருந்த கட்டடத்தைக் கழுவி, நீண்ட மரவாங்குகளைப் போட்டு, வீட்டம்மா சமைக்க, பிள்ளைகள் பரிமாற, அப்பா ஊற்றிக் கொடுப்பார். நான் வேலை செய்த வீட்டில் இதுதான் நடந்தது. அந்த ஏற்பாட்டின் பெறுமதி எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பவில்லை. சம்பளத்துக்கு ஆள் பிடிக்கவில்லை. நான்கு மாதம் முடிந்ததும் வாங்குகளை அடுக்கிவிட்டு மறுபடி தோட்டத்துக்குப் போய்விடலாம். ஒரு வருடம் சனம் வராவிட்டால் நட்டம் சில அப்பத் தட்டுகளோடு போய்விடும்.

அந்த வீட்டில் வருடத்தின் மிகப் பெரிய கூட்டம் வந்தது புரட்டாதி, ஐப்பசி மாதங்களில். காரணம் ஃபெடர்வைசர். பிழிந்த திராட்சைச் சாறு நொதிக்கத் தொடங்கிப் பாதி வழியில் நிற்கும் பருவத்தில் அதை எடுத்துப் பரிமாறுவார்கள். அரிசி கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கி, நாக்கில் குறுகுறுத்து, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். முதல் மிடறிலேயே எனக்கு எங்கள் பக்கத்துக் கள்ளின் நினைவு வந்தது. கண்ணாடியை மேசையில் வைத்தால் நுரை மெல்ல மெல்ல ஏறுவது தெரியும். போத்தலில் அடைத்து மூடியை இறுக்கினால் வெடித்துவிடும் என்பதால், மூடியைத் தளர்த்திவைத்து, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கூட ஒரு போத்தல் வாங்கிப் போகும் விருந்தாளிக்கு, அதைக் காரின் முன்னிருக்கைக் காலடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் பழைய பத்திரிகைகளைச் சுருட்டிச் செருகி, "மெதுவாக ஓட்டுங்கள்" என்று தோட்டத்துக் கிழவர் சொல்லி அனுப்புவார். அடுக்களையிலிருந்து வெங்காய அப்பம் சூடாக வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் பிந்தினால் அந்தச் சுவை இருக்காது, நூறு கிலோமீற்றர் தள்ளிப் போனாலும் இருக்காது. அதனாலேயே சனம் அந்தச் சில வாரங்களுக்காக வந்தது. பயணம் செய்ய முடியாத பண்டம் மனிதரைப் பயணம் செய்ய வைத்தது. நகரத்துப் பேரங்காடியில் மலிவான வைன் மலைபோலக் குவிந்திருந்த காலத்திலும் எங்கள் தொழுவத்தில் இருக்க இடமிருக்காது.

கணக்கையும் சொல்கிறேன், ஏனெனில் மனத்தில் பதிய வேண்டியது அதுதான். 2000களின் நடுப்பகுதியில் எங்கள் தோட்டத்து வைனை மொத்த வியாபாரி பீப்பாய்க் கணக்கில் எடுத்தால் ஒரு லீற்றருக்கு ஒரு யூரோகூடத் தேறாது. அதே வைன் போத்தலில் நிரம்பி, முற்றத்தில் குடித்து மகிழ்ந்த ஒருவரின் கைக்குப் போகும்போது முக்கால் லீற்றருக்கு ஐந்து யூரோ. போத்தல், தக்கை, ஒட்டுத்தாள், உழைப்பு எல்லாம் கழித்தாலும் மிஞ்சுவது பல மடங்கு. அதைவிடப் பெரிய விடயம், பணம் அன்றே கையில் வருகிறது. திராட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கிறது. அதை வைனாக்கி விற்க இன்னும் மாதங்கள், சில வகைகளுக்கு வருடங்கள் எடுக்கும். இதற்கிடையில் வங்கி வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வியாபாரி பணம் தர மூன்று மாதம் இழுப்பான். நெருக்கடியில் தோட்டங்களை விழுத்துவது பெரும்பாலும் நட்டம் என்பதைவிடக் கைக்காசு வற்றிப்போவதுதான். வாசலுக்கு வரும் விருந்தாளி அந்தக் கைக்காசைக் கொண்டுவருகிறார்.

வீட்டம்மாவிடம் நீல மட்டை போட்ட ஒரு தடித்த கொப்பி இருந்தது. வாங்கிச் சென்ற ஒவ்வொருவரின் பெயர், ஊர், எந்த வைன், எத்தனை பெட்டி, சில வேளைகளில் "மகளுக்குக் கல்யாணம்" என்பது போன்ற ஒரு வரி. குளிர்காலம் தொடங்குமுன் கையால் எழுதிய அட்டை ஒன்று அந்த முகவரிகளுக்குப் போகும். 2008இல் உலகமே வங்கி நெருக்கடியில் தடுமாறியபோது ஹோட்டல்களின் கட்டளைகள் குறைந்தன. ஆனால் கொப்பியிலிருந்த குடும்பங்கள் விலை உயர்ந்த வகையிலிருந்து சாதாரண வகைக்கு இறங்கினார்களே தவிர, வராமல் விடவில்லை. தூர தேசத்துக்கு விடுமுறை போகக் காசில்லாதவர்கள் ஒரு மணி நேரம் கார் ஓட்டி எங்களிடம் வந்தார்கள். நெருக்கடி வெளியூர்ப் பயணத்தைச் சுருக்கும்போது பக்கத்தூர்ப் பயணம் வளர்கிறது என்பதை நான் அங்குதான் கண்ணால் கண்டேன்.

நமக்குப் பக்கத்தில் இதே பாடத்தைப் படித்தது மகாராஷ்டிராவின் நாசிக். ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா தோட்டம் 2000இல் முதல் வைனை வெளியிட்டது. வைன் குடிக்கும் பழக்கமே இல்லாத நாட்டில் விளம்பரத்துக்கும் தடை இருந்ததால், அவர்கள் 2005இல் தோட்டத்திலேயே ருசிபார்க்கும் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். கிண்ணத்தை எப்படிப் பிடிப்பது, எப்படி மணம் பார்ப்பது என்று தொடங்கிச் சொல்லிக் கொடுத்தார்கள். 2008இல் உலக நெருக்கடியும் மும்பைத் தாக்குதலும் ஒன்றாக வந்தபோது நட்சத்திர ஹோட்டல்களை நம்பியிருந்த இந்திய வைன் தொழில் ஆடிப்போயிற்று. நாசிக்கில் பல சிறு ஆலைகள் கையிருப்பை விற்க முடியாமல் தவித்தன. மும்பையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வந்து, அறுவடைக் காலத்தில் காலால் திராட்சை மிதித்து, இசை கேட்டு, அந்தி சாயக் கொடிகளைப் பார்த்தபடி சாப்பிட்டுப் போகும் நடுத்தரக் குடும்பங்களைச் சுலா முன்பே தேடி வைத்திருந்தது. பிறகு தங்கும் அறைகளையும் கட்டினார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஒரு மேசை, பிறகு விழா, அதற்குப் பிறகே அறைகள். நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

ஜோர்ஜியாவின் கதை இன்னும் கடுமையானது. அந்நாட்டு வைனின் பெரும் பங்கை வாங்கிவந்த ரஷ்யா, 2006இல் ஒரே உத்தரவில் இறக்குமதியைத் தடைசெய்தது. தடை நீங்க 2013 ஆயிற்று. அந்த வருடங்களில் தோட்டக்காரர்கள் தரத்தைத் திருத்தினார்கள், மேற்கு நாடுகளில் சந்தை தேடினார்கள், காகேத்தி மாகாணத்துக் குடும்பங்கள் தங்கள் நிலவறைகளை வெளியாருக்குத் திறந்தன. மண்ணில் கழுத்துவரை புதைத்த பெரிய சாடிகளில் வைன் ஊறவைக்கும் அவர்களின் பழைய முறை, ஏழைக் கிராமத்தின் பின்தங்கிய வழக்கமாகப் பார்க்கப்பட்டது. அதுவே விருந்தாளிகள் தேடிவரும் காரணமாயிற்று. 2013இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவிலோ நாணயச் சரிவே கதவைத் திறந்தது. ஒரு பெசோ ஒரு டொலர் என்று கட்டிவைத்திருந்த கட்டு 2002இன் தொடக்கத்தில் அவிழ்ந்து, நாட்டு மக்களின் சேமிப்பு கரைந்தது. ஆனால் வெளிநாட்டவருக்கு அந்த நாடு திடீரென மலிவாயிற்று, அந்திஸ் மலையடிவாரத் தோட்டங்கள் உணவகங்களையும் அறைகளையும் திறந்து டொலரை வாசலிலேயே வாங்கின. நம் ரூபாய் 2022இல் டொலருக்கு 200இலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்த சில மாதங்களை நினைத்துப் பார்த்தால் இது உங்களுக்கு விளங்கும். விலை மலிந்தால் மட்டும் போதாது, எரிபொருளும் மின்சாரமும் இருந்தால்தான் விருந்தாளி வருவார் என்பதும் அதே மாதங்களில் நமக்கு விளங்கியது.

ஒரு பேரிடரின் கதையையும் சேர்க்கிறேன். 2021 ஜூலை 14ஆம் திகதி இரவு ஜேர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்குள்ள வைன் நிலவறைகள் சேற்றில் மூழ்கின. தோண்டி எடுத்த போத்தல்கள் உள்ளே கெடவில்லை, வெளியே காய்ந்த சேறு அப்பியிருந்தது. அவற்றைக் கழுவாமல் சேற்றோடேயே 'வெள்ள வைன்' என்று நிதிக்காக விற்றார்கள். 40 இலட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது. பின்னர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போன சனம் உதவி செய்யவும் போனது, பார்க்கவும் போனது. துயரத்தை விற்றார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை, ஏனெனில் அவர்கள் எதையும் அலங்கரிக்கவில்லை. சுனாமியையும் போரையும் கண்ட நம் கரையில் இந்த வேறுபாட்டை நாம் ஆழமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஷ் வைன் பாதை 1971இல் தொடங்கப்பட்டது. சிமொன்சிக், டெல்ஹைம், ஸ்பீர் ஆகிய மூன்று தோட்டங்களின் உரிமையாளர்கள், சந்தையில் போட்டியாளர்களாக இருந்தபோதும், பிரான்சில் கண்ட பாதையைப் பின்பற்றி ஒன்றுசேர்ந்தார்கள். ஒரு தோட்டத்தைப் பார்க்க யாரும் நாள் முழுவதும் செலவழித்து வரமாட்டார்கள். மூன்று தோட்டமும் ஒரு சாப்பாடும் இருந்தால் வருவார்கள். அண்டை வீட்டுக்காரரின் வாசலுக்கு விருந்தாளியை அனுப்பி வைப்பது நட்டம் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குப் பொருந்தமாட்டார்.

தவறுகளும் நடந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் 1966இல் ரொபேர்ட் மொன்டாவி தன் ஆலையைத் திறந்து, சுற்றிக் காட்டுவதையும் இசை நிகழ்ச்சிகளையும் தொழிலின் பகுதியாக்கியபோது, ருசிபார்ப்பது சாதாரண மனிதருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அண்மைக் காலத்தில் பல தோட்டங்களில் கட்டணம் 50 டொலரைத் தாண்டி, முன்பதிவும் கட்டாயமாகி, இளையவர்கள் ஒதுங்கிப்போனார்கள். வருகின்ற சிலரிடமே மேலும் மேலும் கறப்பது நல்ல காலத்தில் இலாபமாகத் தெரியும். காலம் கெட்டால் அந்தச் சிலரும் வராதபோது திரும்பிப் பார்க்கப் பக்கத்தூர்க்காரர் யாரும் இருக்கமாட்டார். இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு தவறு உண்டு. பேருந்து பேருந்தாக ஆளை இறக்கி, இலவசமாக ஊற்றிக் கொடுத்து, எவரும் ஒரு போத்தலும் வாங்காமல் ஏறிப்போகும் காட்சியை நான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் இரண்டாவது வருடம் வாசலைச் சாத்திவிட்டார். அவர் அழைத்தது கூட்டத்தை. அழைக்க வேண்டியது விருந்தாளியை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம் நாட்டுக்கு 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், பிறகு கொரோனா. 2021இல் இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022இன் நெருக்கடியைத் தாண்டி 2024இல் மறுபடி 20 இலட்சத்தைக் கடந்தது. இந்த எண்களை நம்பி அறை கட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று நிலாவெளியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் கரைக்கு வெள்ளைக்காரர் வருவதும் சித்திரை முதல் புரட்டாதி வரையில்தான். வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால் கடலும் மூடிக்கொள்ளும், புறாமலைப் படகும் ஓடாது. ஆனால் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகின்ற வான்களும் பேருந்துகளும் எந்த நெருக்கடியிலும் முற்றாக நிற்கவில்லை. அந்தக் குடும்பங்கள் சுவாமிமலையில் கும்பிட்டு, கோட்டைக்குள் மான்களைப் பார்த்து, கன்னியாவில் குளித்து, கொண்டுவந்த சோற்றுப் பொதியை வீதியோரத்தில் அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் திரும்பிவிடுகிறார்கள். ஃபால்ஸ் தோட்டக்காரரின் கண்ணால் பார்த்தால், நம் கொப்பியில் எழுதப்பட வேண்டிய பெயர்கள் நம் வாசலால் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன.

மதுவைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிடுகிறேன். இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது; 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது; போயா தினத்தில் விற்பனை இல்லை; கள் இறக்கவும் விற்கவும் மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சட்டத்தைவிட முக்கியமானது, குடியால் குலைந்த வீடுகள் நம் கிராமங்களில் எத்தனை என்பது நமக்குத் தெரியும். கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் நம் முஸ்லிம் அயலவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு காரியத்தின் நடுவில் போத்தலை வைக்கவும் முடியாது. ஆகவே ஒரு கள்ளுத் தவறணையை அழகாக்கி வெளிநாட்டவருக்குக் காட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வைன் தோட்டங்களிடமிருந்து எடுக்க வேண்டியது அவர்கள் வாசலைத் திறந்த முறையை. மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலைகள் இதை மது இல்லாமலேயே செய்துகாட்டுகின்றன: கொழுந்து வாடுவதையும் உருட்டுவதையும் காட்டி, ஒரு கோப்பை தேநீர் கொடுத்து, வெளியேறும் வழியில் பொதியை விற்கிறார்கள்.

நம்மிடம் ஃபெடர்வைசரைப் போலப் பயணம் செய்ய முடியாத பண்டம் எது என்று தேடிப் பாருங்கள். முதலாவது கருப்பணி. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கும் பனஞ்சாற்றை விடியற்காலையில், பிளாவில் ஊற்றி, பனையடியில் நின்று குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் அதன் குணம் மாறத் தொடங்கும். போதையில்லாத அந்தப் பானத்தைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து குடிக்கலாம். பக்கத்தில் பனங்கட்டி காய்ச்சுவதைப் பார்க்கலாம், சூடாக ஒரு துண்டை நாக்கில் வைக்கலாம், ஒரு குட்டானை வாங்கிப் போகலாம். ஏறி இறக்குபவருக்குரிய அனுமதியும் உரிய கூலியும் முதலில் ஒழுங்காக வேண்டும். அந்த மனிதரை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் பிடிக்க விடக்கூடாது. தோட்டத்துக் கிழவரைப் போல அவரும் தன் தொழிலைத் தானே விளக்குபவராக இருக்க வேண்டும், பணமும் அவர் கைக்கே நேராகப் போக வேண்டும். இரண்டாவது, கரைவலை. வலை கரையேறும் நேரத்தில் கூடவே இழுத்து, அப்போதே வாங்கிய மீனை உங்கள் அம்மாவின் அடுப்பில் காய்ச்சிச் சாப்பிடும் அனுபவத்தைக் கொழும்பின் எந்த ஹோட்டலும் தர முடியாது.

நான் மிகவும் நம்புவது மூன்றாவதை. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் எருமைத் தயிர் போடுகின்ற வீடுகள் இருக்கின்றன. தயிர்ச் சட்டி வீதியோரக் கடைகளில் எங்கும் கிடைக்கிறது, அதற்காக யாரும் தனியாகப் பயணம் வரமாட்டார்கள். ஆனால் மாலையில் காய்ச்சிய பாலை ஆறவைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, மண்சட்டியில் நிரப்பிக் கடதாசியால் கட்டுவதை விருந்தாளி தன் கையால் செய்யட்டும். சட்டியின் மேலே தன் பிள்ளையின் பெயரை எழுதிவைக்கட்டும். மறுநாள் காலையில் அந்தச் சட்டியை அவிழ்த்துப் பனங்கட்டியோடு சாப்பிட வேண்டுமென்றால் அவர் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். இருட்டுமுன் திரும்பிப் போகும் வான் உங்கள் முற்றத்தில் நிற்கும். நாசிக்கில் அறை கட்டுவதற்கு முன் மேசை போட்டதன் பொருள் இதுதான். உங்களிடம் அறை ஏற்கெனவே இருக்கிறது, அதில் தங்குவதற்கான காரணம் மட்டும் இல்லை.

தனியாகத் தொடங்காதீர்கள். கருப்பணி இறக்குபவர் ஒருவர், தயிர் வீடு ஒன்று, கரைவலைக்காரர் ஒருவர், ஓட்டோ ஓட்டும் இரண்டு பேர், உங்கள் விடுதி. ஸ்டெலன்பொஷில் மூன்று பேரோடுதான் தொடங்கியது. விலையை எல்லோரும் சேர்ந்து நிர்ணயித்து, ஒரே தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். உள்ளூர்க் குடும்பத்துக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு விலை வைப்பதானால் அதை மறைக்காமல் எழுதுங்கள். கடன் வாங்கி எதையும் கட்டாதீர்கள். முதல் பருவத்துக்கு உங்கள் அம்மாவின் மாமரத்து நிழலும் இரண்டு நீண்ட வாங்குகளும் போதும். கட்டணத்தை, நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வீட்டுக்குப் போகும் வழியில் கணக்குப் பார்த்து மனம் நோகாத அளவில் வையுங்கள். வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். அனுமதி கேட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி, சிவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பும் பாடசாலை விடுமுறைக்கு முன்பும் ஒரு செய்தி அனுப்புங்கள்.

தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா நாற்பது வருடமாகத் தயிர் போடுகிறார். அவரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். ஆனால் வருகிறவர்கள் பால் கறக்கும் நேரத்தில் சத்தம் போடக் கூடாது, எருமைகள் மிரளும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. உங்களுக்கு வசதியான ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் நீங்களும் அம்மாவும் உப்புவெளிச் சந்திக்கு வந்தால் மூவரும் சேர்ந்து போய்வரலாம்.